மும்பையில் குடியேற்றமும் குடும்பச் செலவும்

ஊரைவிட்டுப் புறப்படுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே சம்பளம் எவ்வளவு?" என்பதே. "அங்கே செலவு எவ்வளவு?" என்ற கேள்வி பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில்தான் எழுகிறது. அதற்குள் கைமாற்று வாங்கியாகிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். மும்பை மாநகரம் வேலை தருவதில் தாராளமானது. இடம் தருவதில் கருமி. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டு கணக்குப் போடுபவர் நிலைபெறுகிறார். மற்றவர் நெடுங்காலம் தத்தளிக்கிறார். ஆகவே வெளி மாநிலத்திலே வாழும் தமிழர், அவர்களுள்ளும் மும்பைக்குப் புதிதாக வருபவர், முதல் ஆறு மாதங்களில் எதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

முன்னே சென்றவர்கள் எவ்வாறு குடியேறினார்கள் என்று பார்ப்பது பயன் தரும். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி மகாராஷ்டிர மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் மும்பையை நாடியவர்கள் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற மூன்று பெயர்களும் மூன்று வகைக் குடியேற்றத்தைக் குறிக்கின்றன.

தாராவிக்கு வந்தவர்களைத் தொழில் அழைத்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தோல் பதனிடும் தொழில் வேரூன்றியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழில் அறிந்தவர்கள் சென்றனர். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை வைத்தது போலவே, நம்மவர் தோல் கிடங்குகளின் அருகே குடிசை போட்டனர். வேலையிடமும் வீடும் அடுத்தடுத்து அமைந்தமையால் போக்குவரத்துச் செலவு இல்லை. தனியாக வந்த ஆண்கள் ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து, 'பொங்கல் வீடு' என்று வழங்கப்பட்ட பொது அறைகளில் உண்டு உறங்கினார்கள். தோல் பதனிடும் தொழில் பின்னாளில் தேவ்நார்ப் பக்கம் பெயர்ந்துவிட்டது. ஆயினும் தோற்பொருள் செய்வோரும், விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுசென்று விற்போரும், முறுக்குச் சுடுவோரும் தாராவியில் இன்றும் உண்டு.

மாட்டுங்காவுக்கு வந்தவர்களைப் படிப்பு அழைத்து வந்தது. 1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. அது தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளுடன் குடியிருப்புகளை வகுத்தது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, ரயில்வே, வங்கி, வணிக நிலையங்களில் எழுத்தர் வேலைக்கு வந்த தென்னாட்டார் அங்கே வாடகைக்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என உணவு விடுதிகள் ஏற்பட்டன. 1952இல் சண்முகானந்த சபை நிறுவப்பட்டது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த இளைஞருக்கு, விடுதிச் சாப்பாடே அக்காலத்தில் சிக்கனமான குடித்தனமாக இருந்தது.

செம்பூருக்கு வந்தவர்களைப் பெருந்தொழில்கள் அழைத்து வந்தன. 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் அமைந்தன. அடுத்து உரத் தொழிற்சாலை வந்தது. அங்குப் பணிபுரிந்தோரில் பலர் நிறுவனக் குடியிருப்புகளில் தங்கினர். பிறகு அருகிலேயே கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் வீடு வாங்கினர். செட்டா நகரில் குன்றின்மேல் முருகனுக்குக் கோயில் எழுப்பி, அதற்குத் திருச்செம்பூர் என்றும் பெயரிட்டு மகிழ்ந்தனர்.

இம்மூன்று கதைகளிலும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. குடும்பத்தோடு வந்து, முதல் நாளே தனிவீடு தேடி, கடன்பட்டு வாழ்க்கை தொடங்கியவர்கள் இவர்களில் அரியர். முதலில் ஒருவர் வந்தார். பிறரோடு கூடி வாழ்ந்தார். வேலை உறுதியான பிறகே குடும்பத்தை அழைத்தார். இம்முறை இன்றைக்கும் பொருந்துமா என்பதை ஒரு கணக்கால் சோதித்துப் பார்ப்போம்.

மாதம் 25,000 ரூபாய் கையில் பெறும் ஒருவர், 12,000 ரூபாய் வாடகையில் ஓர் அறை பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண்கள். இடத்துக்கு இடம் மாறும். முன்பணம் 50,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 12,000, முதல் மாத வாடகை 12,000, அடுப்பு, பாத்திரம், தண்ணீர் டிரம், பாய் படுக்கை, மின்விசிறி ஆகியவற்றுக்கு 10,000, ஒப்பந்தப் பதிவுக்கு ஏறக்குறைய 1,500. கூட்டினால் 85,500 ரூபாய் ஆகிறது. மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகையை முதல் மாதமே இந்நகரம் கேட்கிறது. இதைக் கடனாக வாங்கினால் வட்டியும் சேர்ந்து ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்கள் நண்பர்களோடு அறையைப் பகிர்ந்தோ, கட்டில் வாடகைக்கு எடுத்தோ தங்கி, அந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டு வீடு பிடிப்பதே விவேகம். பொங்கல் வீட்டுக்காரர்கள் ஏட்டிலே படிக்காமல் அறிந்திருந்த பொருளாதாரம் இதுவே.

இனி வீட்டைப்பற்றி. மும்பையில் வாடகைக் குடியிருப்பு பெரும்பாலும் 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்ற ஒப்பந்த முறையில் நடைபெறுகிறது. வழக்கமாகப் பதினொரு மாத காலத்துக்கு எழுதுவார்கள். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இவ்வொப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவு செய்யப்படவேண்டும் என்று விதிக்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் பதிவு செய்யாமல் விட்டு, பின்னர் வழக்கு எழுமானால், நிபந்தனைகளைப்பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில், ஏற்கப்படும். பதினொரு மாதந்தானே, பதிவு எதற்கு என்று சொல்வோர் பலர். அது தவறான எண்ணம்; மாதக் கணக்கு எவ்வளவாயினும் பதிவு வேண்டும். நகர்ப்புறத்தில் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் நூற்றுக்குக் கால் ரூபாய் வீதம். முன்பணத்துக்கும் ஒரு சிறு தொகை கணக்கில் சேரும்.

இந்தச் சிறு செலவைத் தவிர்த்தவர் இழப்பது யாது என்பதற்கு, நாம் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லலாம். தென்மாவட்டத்திலிருந்து வந்த தையல் தொழிலாளி ஒருவர், மனைவியும் இரு குழந்தைகளும் உடன் இருக்க, மாத வாடகைக்குப் பதிலாக 'ஹெவி டெபாசிட்' முறையில் அறை ஒன்றைப் பிடித்தார். ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை. காலி செய்யும்போது தொகையைத் திருப்பிப் பெறலாம். நம்மூர் ஒத்தியைப் போன்றது இது. ஊரில் இருந்த நிலத்தை விற்று மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தார். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்கினார்கள், பதிவு செய்யவில்லை. எட்டாம் மாதத்தில் வேறொருவர் வந்து, அறை தம்முடையது என்று உரிய காகிதங்களைக் காட்டினார். பணம் வாங்கியவர் அங்கே தாமும் வாடகைக்கு இருந்தவரே. ஓராண்டு அலைந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. எஞ்சியது போயிற்று; நிலமும் போயிற்று. "காகிதம் பார்த்துத்தானே கொடுத்தேன்" என்று அவர் நம்மிடம் சொன்னபோது மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. அவர் பார்த்தது காகிதந்தான். பார்க்கவேண்டிய காகிதம் அன்று.

ஆகவே பணம் கொடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். முதலாவது, அறை யார் பெயரில் உள்ளது என்பதை மின்கட்டணச் சீட்டு, வீட்டுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் அல்லது உரிமைக் காகிதத்தின் மூலம் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டாவது, அக்கம்பக்கத்தாரிடம் இருமுறையாவது விசாரிக்கவேண்டும். மூன்றாவது, பணத்தை வங்கி வழியாகவே செலுத்தவேண்டும். நோட்டரி கையொப்பம் பதிவுக்கு ஈடாகாது. பதிவுக்கு வர மறுக்கும் வீட்டுக்காரரை நாமும் மறுத்துவிடுவதே நலம். பதிவான ஒப்பந்தத்துக்கு வேறு பயனும் உண்டு. ஆதாரில் முகவரி மாற்றவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும், வாக்காளர் பட்டியலில் 8ஆம் எண் படிவத்தால் பெயரை மாற்றிக்கொள்ளவும் அது உதவும்.

தாராவியில் குடியேற எண்ணுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். அங்கே மறுசீரமைப்புத் திட்டம் நடைபெறுகிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று உடையவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும் என்பது திட்டத்தின் அடிப்படை. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் விதிகள் வேறு. தாராவிக்கு வெளியே வீடு, விலை அல்லது தவணை என்று அவை அமைகின்றன. எனவே "இந்த அறையை வாங்கினால் புதுவீடு கிடைக்கும்" என்று சொல்லி விற்பவரின் பேச்சை நம்பிப் பணம் கொடுக்கலாகாது. நெடுங்காலமாக அங்கே இருப்பவர்கள் பழைய மின்சீட்டு, வாக்காளர் பட்டியல் பிரதி முதலியவற்றைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். ஆண்டைக் காட்டும் ஒரு தாளே வீட்டைத் தீர்மானிக்கக்கூடும்.

வாடகை குறைந்த இடம் தேடித் தொலைவுக்குச் செல்லலாமா என்பது அடுத்த கேள்வி. கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் போன்ற இடங்களில் வாடகை குறைவு. மின்ரயிலின் மாதச் சீட்டு, ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தில் மாதம் முழுதும் பயணம் செய்யவிடும் மலிவான வசதி. ஆயினும் முழுக் கணக்கையும் பார்க்கவேண்டும். தொலைவுக்குச் செல்வதால் வாடகையில் 5,000 ரூபாய் மிச்சம் என்போம். ரயிலுக்கும், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பங்கு ஆட்டோவுக்கும் 1,500, விடியற்காலையில் புறப்படுவதால் வெளியில் உண்ண 1,500, எஞ்சுவது 2,000. நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாகப் பயணம் எனின், 26 வேலை நாட்களில் 65 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய முப்பது ரூபாய்க்கு நம் உறக்கத்தையும் குழந்தைகளோடு இருக்கும் நேரத்தையும் விற்கிறோம் என்பது தெளிவாகும். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, நல்ல காற்று, பள்ளி ஆகியவை கிடைப்பதானால் அந்த விலை தகும். வெறும் வாடகைக் குறைவுக்காக மட்டும் எனின் தகாது.

ரயிலைப்பற்றிப் புதியவர் அறியவேண்டிய சிறு செய்திகளும் உள. மாட்டுங்கா மத்திய வழித்தடத்தில் உள்ளது. மாட்டுங்கா ரோடு மேற்கு வழித்தடத்தில் உள்ளது. கிங்ஸ் சர்க்கிள் துறைமுக வழித்தடத்தில் உள்ளது. மூன்றும் ஒரே வட்டாரத்தைச் சுற்றியவை. எனினும் தடம் மாறினால் அரைமணி வீணாகும். தாராவிக்கு மேற்கே மாகிம் நிலையம், கிழக்கே சயான் நிலையம். செம்பூர் துறைமுகத் தடத்தைச் சேர்ந்தது. நகரப் பேருந்துகளின் முகப்பில் எண்கள் தேவநாகரியில் காணப்படும். ஒன்று முதல் பத்து வரை அவ்வெண்களை முதல் நாளே கற்றுக்கொள்வது நன்று.

வீடு பார்க்கச் செல்வதற்கு ஏற்ற பருவமும் ஒன்று உண்டு. அது மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நகரம் மறக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிள், சயான் பகுதிகளில் சற்றுப் பெருமழை பெய்தாலும் தண்ணீர் தேங்கும். வெயில் காலத்தில் வீடு பார்ப்பவர், சுவரில் நீர் ஏறிய அடையாளம் உண்டா என்று நோக்கவேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வரும் என்றும், மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரரின் சப்-மீட்டரா என்றும் கேட்கவேண்டும். சப்-மீட்டர் எனின் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவேண்டும்.

உணவுச் செலவுக்கு வருவோம். முன்னுரிமைக் குடும்ப அட்டை அல்லது அந்தியோதய அட்டை உடையவர்கள், 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' முறையில், தமிழ்நாட்டு அட்டையைக் கொண்டே மும்பையின் ரேஷன் கடையில் தானியம் பெறலாம். ஆதார் இணைப்பும் விரல் ரேகையும் போதும். 2022 முதல் எல்லா மாநிலங்களிலும் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிய தானியம் மட்டுமே இவ்வாறு கிடைக்கும். தமிழ்நாடு அரசு தனியாகத் தரும் பருப்பும் எண்ணெயும் இங்கே கிடைக்கமாட்டா. குடும்பத்தில் சிலர் ஊரிலும் சிலர் மும்பையிலும் இருந்தால், ஒரே அட்டையில் அவரவர் பங்கை அவரவர் இடத்தில் பெறலாம். முகவரிச் சான்று இல்லாதவர்கள், அடையாள அட்டை ஒன்றைக் காட்டி 5 கிலோ சமையல் எரிவாயு உருளை வாங்கலாம். புழுங்கலரிசியும் முருங்கைக்காயும் வாழையிலையும் மாட்டுங்காச் சந்தையில் கிடைக்கும். ஆனால் ஊர்ச் சுவைக்குத் தரும் விலை சற்றுக் கூடுதல். நாள்தோறும் சோறும் சாம்பாருமே வேண்டும் என்று பிடிவாதம் செய்யாமல், வாரத்தில் சில நாள் சப்பாத்தியும் உசலும் உண்ணப் பழகுவது பைக்கும் வயிற்றுக்கும் இதமானது.

சம்பளச் சீட்டையும் நோக்கவேண்டும். மகாராஷ்டிரத்தில் தொழில்வரி மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறும் ஆண்களுக்கு ஆண்டில் 2,500 ரூபாய்; பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை வரி இல்லை. வருங்கால வைப்பு நிதிக்குப் பழைய எண் இருக்குமானால் புதிய முதலாளியிடம் அதையே கொடுக்கவேண்டும். புதிய எண் பெற்றால் பழைய பணம் தனித்துக் கிடக்கும். சீட்டுப் பிடிப்பதில் நம்மவருக்கு ஆர்வம் அதிகம். இங்கே அதைப் 'பிஷி' என்பார்கள். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில் போடும் பணத்துக்குக் காவல் இல்லை. மூன்று மாதச் செலவுக்கான தொகையை அஞ்சலக அல்லது வங்கிச் சேமிப்பில் தொடாமல் வைத்திருத்தல் இன்றியமையாதது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேலை ஒரே நாளில் நின்றது. வாடகையும் பசியும் நிற்கவில்லை. அன்று தாக்குப் பிடித்தவர்கள் பலர், சம்பளம் பெரிதாக உடையவர்கள் அல்லர், கையிருப்பு உடையவர்களே.

குழந்தைகளின் பள்ளி பற்றியும் கூறவேண்டும். மும்பை மாநகராட்சி, தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தாராவியிலே தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. எனினும் மேல் வகுப்புகளில் வசதி சுருங்கிவிடும் என்பதை எண்ணியே சேர்க்கவேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இம்மாநிலப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மராத்தி கட்டாயம். ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று சொல்லித் தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்க இயலாது; 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. நோய்வாய்ப்பட்டால் சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையும் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையும் ஏழைகளின் புகலிடங்கள்.

இறுதியாக மொழியைப்பற்றி. செலவுக் கட்டுரையில் மொழிக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். மொழி அறியாதவன் காய்கறி முதல் ஆட்டோ வரை ஒவ்வொன்றுக்கும் கூடுதல் விலை தருகிறான். அது மாதந்தோறும் கட்டும் ஒரு வரி. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிராக இந்நகரில் வெறுப்பு மூண்டது. உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அந்நாட்களில் நம்மவருக்குக் காவலாக நின்றவர்களில் மராத்தி பேசும் அண்டை வீட்டாரும் உண்டு. பழகிய முகத்தை யாரும் எளிதில் பகைக்கமாட்டார்கள். பழகுவதற்குப் பேச்சு வேண்டும். மராத்தி நமக்கு முற்றிலும் அயலானதன்று. தஞ்சையை மராத்திய மன்னர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டார்கள். பெரிய கோயிலின் சுவரிலே மராத்திக் கல்வெட்டு உண்டு. சரசுவதி மகால் நூலகத்தில் மராத்திச் சுவடிகள் உள்ளன. தஞ்சாவூருக்கு வந்த மராத்தியர் தமிழைக் கற்றுத் தமிழ்நாட்டின் மக்களானார்கள். மும்பைக்குச் சென்ற தமிழர் மராத்தியைக் கற்பது அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவது போன்றதே.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொல். அளப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். வாடகை, பயணம், உணவு, பள்ளி, ஊருக்கு அனுப்புவது, சேமிப்பு என்ற ஆறு தலைப்புகளில் ஆறு மாதம் எழுதி வைத்தால், ஏழாம் மாதத்தில் குடும்பத்தை அழைக்கலாமா என்பதற்கு விடை அந்த நோட்டிலேயே இருக்கும். நாம் மேலே கூறிய தையல் தொழிலாளி இன்று செம்பூர்ப் பக்கத்தில், பதிவு செய்த ஒப்பந்தத்தோடு, வாடகைக்குக் குடியிருக்கிறார். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அவர் வீட்டுக்கே முதலில் வருகிறார்கள். அவர் தேநீர் கொடுத்துவிட்டு, "தம்பி, பணம் கொடுக்குறதுக்கு முந்தி காகிதத்த என்கிட்டக் காட்டு" என்கிறார்.